எருவும் நாருமான சணப்பு

வைகையின் பேரணையில் தண்ணீர் திறக்கும் அறிவிப்புக்குக் காத்திராமல், கோடை மழை ஈரத்திலேயே வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் சில வயல்களில் சணப்பு விதைத்துவிடுகிறார்கள். ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ விதை. தூவிவிட்டு ஓர் உழவு ஓட்டி மூடினால் போதும். நெருக்கமாக எழுந்து களையைத் தானே அமுக்கிவிடும். 45 நாளில் இடுப்புயரம் தாண்டும் அந்தப் பயிரை, பூ மலருமுன்பே மண்ணோடு மடக்கி உழுகிறார்கள். செழித்து நிற்கும் பயிரை மண்ணில் புதைக்க மனம் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பருவத்தைத் தவறவிட்டால், எருவாக வேண்டிய செடி நாராகிவிடும்.

சணப்பின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘ஹெம்ப்’ என்றதும் கஞ்சாதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. கஞ்சாச் செடியின் நார் ரகங்களை வளர்க்க 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் மாநில அரசுகளுக்கு வழி இருக்கிறது. உத்தராகண்ட் 2018இல் அதற்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் ‘சன் ஹெம்ப்’ என்று எழுதிவைத்த நம் சணப்புக்கும் கஞ்சாவுக்கும் உறவே இல்லை. சணப்பு அவரை, துவரையின் குடும்பம். போதை என்ற பேச்சுக்கே இடமில்லை. சாக்குத் தைக்கும் வங்காளத்துச் சணலும் வேறு செடிதான்.

‘சன் ஹெம்ப்’ என்ற பெயர் வந்த காலம் கப்பல்களின் காலம். பிரிட்டிஷ் கடற்படையின் பாய்மரக் கயிறுகளுக்கு ரஷ்யாவிலிருந்து நார் போய்க்கொண்டிருந்தது. நெப்போலியன் போர்களின்போது அந்த வரத்துக்கு ஆபத்து வந்ததும் கிழக்கிந்திய கம்பெனி இந்தியப் பக்கம் திரும்பியது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் இந்நாட்டு நார்களைத் திரித்து, எடை தொங்கவிட்டு, எது எவ்வளவு தாங்குகிறது என்று சோதித்தார். 1855இல் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் இந்திய நார்ச்செடிகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். நம் உழவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே சணப்பு நாரில் கயிறும் வலையும் சாக்கும் செய்துகொண்டிருந்தார்கள்.

விதைத்து 40 நாள் ஆன ஒரு செடியை ஈர மண்ணிலிருந்து வேர் அறுபடாமல் எடுத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரெங்கும் சிறு சிறு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தைச் சிவக்கவைக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அங்கே இருக்கிறது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதிகப்படி ஆக்சிஜன் அதைத் தொடாமல் பிடித்துவைப்பதுதான் அந்தச் சிவப்புப் புரதத்தின் பணி. உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு ஓய்ந்துவிட்டது என்று பொருள். முதல்முறை சணப்பு போடும் நிலமானால், ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்தி விதைப்பது நல்லது.

நன்றாக வந்த பயிர் ஏக்கருக்கு 5 டன்னுக்குமேல் பச்சைத்தழை தரும். ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் தழைச்சத்துக்கு அது குறையாது; யூரியாவால் தர முடியாத மக்கிய பொருளும் மண்ணுக்குச் சேருகிறது. இளந்தண்டு தொளியில் சீக்கிரம் அழுகும். முற்றிய தண்டு அப்படியில்லை. அதை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். நட்ட நாற்று வெளிறிப்போகும். மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலங்களில் புரட்டாசித் தண்ணீருக்காக வயல்கள் மாதக்கணக்கில் தரிசாகக் கிடக்கின்றன. ஆடி மழையில் சணப்பு தெளிக்க இதைவிடத் தோதான இடம் உண்டா? வாழையும் காய்கறியும் போடுகிறவர்களுக்கு இன்னொரு லாபம்: வேர்முடிச்சு நூற்புழுவால் இதன் வேரில் பெருக முடியாது.

நார் வேண்டுமென்றால் காய் பிடிக்கும்வரை விட வேண்டும். அறுத்துக் கட்டுகளாகக் கட்டி, இலை உதிர்ந்ததும் தேங்கிய தண்ணீரில் சில நாள் அமிழ்த்துவார்கள். பட்டையைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும் பெக்டின் பசையைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கும். நாற்றம் குடலைப் புரட்டும். அதிகம் ஊறினால் நார் இற்றுவிடும், குறைவாக ஊறினால் பட்டை உரியாது. அடித்தண்டை ஒடித்து இழுக்கும்போது நார் முழுநீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்தால் பதம் சரி. நனைந்தாலும் வலு குறையாததால்தான் மீன்வலைக்கு இதை நம்பினார்கள். நைலான் வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. மெல்லிய உயர்ரகக் காகிதத்துக்கு இந்த நார் இன்றும் ஏற்றது.

மடக்கி உழுகிறவர்களுக்கு விதை மிஞ்சுவதில்லை என்பதுதான் இப்போதைய சிக்கல். 2024-25இல் தமிழக அரசு மண்வளத் திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு நிதி ஒதுக்கியது நல்ல காரியம். ஆனாலும் ஒவ்வோர் உழவரும் வயலின் ஓர் ஓரத்தை விதைக்கென்று விட்டுவைக்கலாம். காய் முற்றி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க நான்கைந்து மாதமாகும். சணப்பின் மஞ்சள் பூ தன் மகரந்தத்தில் தானே காய்ப்பதில்லை. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கரிய தச்சுத் தேனீ போன்றவை வந்து அழுத்தி உட்கார்ந்தால்தான் பூவின் மூடிய மடல் திறக்கும். ஆகவே பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. விதையில் நச்சு உண்டு. மாட்டுத் தொட்டியில் அது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.