உங்களுக்குத் தெரியுமா? உண்ணி மரத்திலிருந்து குதிப்பதில்லை!

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தடியில் அசையாமல் மணிக்கணக்கில் உட்காருவார்கள். கொசுவுக்கும் உண்ணிக்கும் அதுவே வசதி. உண்ணி பறக்காது, குதிக்காது. புல்நுனியில் ஏறி, முன்னங்கால்களை விரித்துக் காத்திருக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அந்தக் கால்களாலேயே உணரும். உரசிப்போகும் காலைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். அதனால்தான் பேன்ட்டின் அடிப்பகுதியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ள வேண்டும்.

1946-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ‘டீட்’ என்ற பூச்சிவிரட்டி தோலில் பூசுவது. பூச்சியை விரட்டும், கொல்லாது. உடுப்பில் தெளிக்கும் 0.5% பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உண்ணியைக் கொன்றேவிடும். ஆனால் அதைத் தோலில் பூசவே கூடாது. துணி முழுக்க உலர்ந்த பிறகே உடுத்த வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம்: ஈரமான பெர்மெத்ரின் அதன் உயிரையே பறிக்கக்கூடும்.