எத்தனை பேர், எத்தனை தடவை?

காது கேளாதோர் பேசும் மொழியை 'வெறும் சைகைதானே' என்று ஒதுக்குகிற பழக்கம் படித்தவர்களிடமும் உண்டு. 1960-ல் வில்லியம் ஸ்டோக்கோ அமெரிக்கச் சைகை மொழியை அக்கக்காகப் பிரித்து, அதற்கும் முறையான அமைப்பு உண்டு என்று காட்டினார். இன்னமும் சந்தேகப்படுகிறவர்கள் அந்த மொழியின் 'கொடு' என்ற வினையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

எதிரே இருப்பவரை நோக்கிக் கையை ஒருமுறை நீட்டினால் ஒருவருக்குக் கொடுப்பது. அதே கை ஒரே வீச்சில் பக்கவாட்டில் வளைந்து போனால் எல்லோருக்குமாகக் கொடுப்பது. அந்த வளைவிலேயே சின்னச் சின்ன நீட்டல்களாக விட்டுவிட்டுப் போனால் ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுப்பது.

தடவைக் கணக்கு இதைவிட நுட்பமானது. எட்வர்ட் கிளிமாவும் அர்சுலா பெலுகியும் 1979-ல் வெளியிட்ட நூல் இதை விரிவாக ஆராய்ந்தது. 'பார்' என்ற சைகை விரைவாகவும் சீராகவும் திரும்பத் திரும்ப வந்தால், வழக்கமாகப் பார்க்கிறார். மெதுவாக நீள்வட்டமாகச் சுழன்றால், நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வெடுக்கென்று அசைந்து, நிதானமாகத் திரும்பி வந்து, மீண்டும் வெடுக்கென்று போனால், மறுபடி மறுபடி பார்க்கிறார். ஒன்றுக்குள் ஒன்றையும் பொருத்தலாம்: ஆளாளுக்குக் கொடுப்பதையே பலமுறை செய்ததாக ஒரே வினையில் சொல்லிவிடலாம். நம் அடுக்குத்தொடருக்கு இத்தனை வேலை தெரியாது!

நாட்டுக்கு நாடு சைகை மொழி வேறு, விதிகளும் வேறு. ஜெர்மன் சைகை மொழியின் பன்மையை ஆராய்ந்தவர்கள் ரோலண்ட் ஃபாவும் மார்க்குஸ் ஸ்டைன்பாக்கும். அங்கே 'குழந்தை' என்ற சைகையைப் பக்கவாட்டில் நகர்த்தியபடி மூன்று முறை காட்டினால் குழந்தைகள். மூன்று குழந்தைகள் என்று எண்ணிவிடக் கூடாது. எத்தனை பேராகவும் இருக்கலாம். 'புத்தகம்' நகராமல் நெஞ்சுக்கு முன்னே நின்ற இடத்திலேயே திரும்ப வரும். உடம்பைத் தொட்டுக் காட்டும் 'பெண்' போன்ற சைகைகள் பன்மைக்காக மாறுவதே இல்லை. எண் சேர்ந்துவிட்டால் 'குழந்தை'யும் ஒருமுறைதான். 'பத்துப் புத்தகம் வாங்கினேன்' என்று 'கள்' போடாமல் பேசும் நமக்கு இது புதிதல்ல.

சைகை மொழி கற்க நினைப்பவர்கள் சொல்லுக்கு ஒரு படம் போட்ட அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள். வேகமும் வளைவும் இடைநிறுத்தமும் அச்சில் வராது. அந்த மொழியிலேயே வளர்ந்தவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகுங்கள்.