பேரைப் போட்டா கதை உடையுது: தமிழில் கிளைக்கதை எழுதுவது எப்படி?

"நீங்க செய்யற கிளைக்கதைக்குள்ள என்னதான் நடக்குது?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

வாழப்பாடி பஸ் ஸ்டாண்டுல நிக்கறீங்க. மேற்கே சேலம், கிழக்கே ஆத்தூர். எந்த பஸ்? வாசிக்கறவர் எதைத் தொடறாரோ, கதை அந்தப் பக்கம் போகும். 1982-ல் ஸ்டீவ் ஜாக்சனும் இயான் லிவிங்ஸ்டனும் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்' இதையே 400 பத்திகளில், எண் பார்த்துப் புரட்டும் புத்தகமாகச் செய்தது. இன்று கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய ட்வைன் இருக்கு. இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதும் சொல் அடுத்த பக்கத்துக்கு வழியாகிடும். முடிச்சதும் ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைல்.

ஒவ்வொரு பக்கத்திலும் 2 வழி வைத்துக்கொண்டே போனால், 10 தேர்வுக்குப் பிறகு 1,024 முடிவு. யார் எழுதறது? அதனால கிளைகளை நடுவில் ஒன்றுசேர்த்து, எந்த வழியா வந்தாங்கன்னு ஒரு மாறியில் குறிச்சு வைக்கணும். சேலம் போனவரும் ஆத்தூர் போனவரும் சாயங்காலம் அதே பாக்கு மண்டியில் நிப்பாங்க. பையில் இருக்கிற டிக்கெட் மட்டும் வேற.

இதெல்லாம் எந்த மொழிக்கும் பொது. நான் மாட்டிக்கிட்டது பேர்ல. அக்கா பையன் 'செல்வம்'னு அடிச்சான். திரையில் வந்தது: "செல்வம்ஐ யாரோ கூப்பிட்டார்கள்." "மாமா, இது என் பேரே இல்ல"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டான்.

ஆங்கிலத்தில் பேர் மாறாது. தமிழில் குமாரை, ராதாவை, செல்வத்தை. சரி, 'அம்'னு முடிஞ்சா 'த்தை' போடலாம்னு விதி எழுதினேன். அடுத்து விக்ரம் வந்தான். 'விக்ரத்தை'ன்னு யாராவது சொல்வோமா?

விதியை விட்டுட்டு வாக்கியத்தை மாத்தினேன். "செல்வம்! உன்னை யாரோ கூப்பிடறாங்க." பேர் அப்படியே நிக்குது, வேற்றுமை உருபு 'உன்' மேல போயிடுது. 'நீ வந்தாய்'ல ஆண், பெண் வித்தியாசமும் கிடையாது. கிளைக்கதைக்குன்னே செஞ்ச மாதிரி!

மண்டிக்காரர் இன்னொருத்தர்கிட்ட இந்தப் பிள்ளையைப் பத்திச் சொல்லும்போதுதான் சிக்கல். வந்தானா, வந்தாளா? 'வந்தாங்க'ன்னா எட்டு வயசுப் பிள்ளைக்குச் சிரிப்பு வருது. இப்போதைக்கு முதல் பக்கத்திலேயே "தம்பியா, பாப்பாவா?"ன்னு கேட்டுடறேன்.