கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு விளம்பரத் தொழிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர் ஊராக நகைக்கடையும் ஜவுளிக்கடையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற காலண்டர்களில் ஏராளமானவை அங்கே அச்சானவை. ஆடிப்பெருக்கு வாக்கில் புது ஆல்பம் வெளிவரும். கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார், பெயரும் போன் நம்பரும் சரியா என்று புரூஃப் பார்ப்பார், ஆயிரம் காலண்டருக்கு ஆர்டர் கொடுப்பார். வருஷக் கடைசியில் கட்டு வந்து இறங்கும். சந்தேகம் என்றால் பிரித்து எண்ணிக்கொள்ளலாம்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் அப்படி எண்ண முடியாமல் போவதுதான் சிக்கல். “ஐம்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்க சார்” என்று மாதக் கடைசியில் ஒரு பி.டி.எஃப். வரும். யார் பார்த்தார்கள், எந்த ஊரில் இருந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார்களா என்று கடைக்காரருக்குத் தெரியாது. விருதுநகர் சந்தையில் மூட்டைக்கு மூட்டை விலை பேசுகிறவர்கூட இந்த பி.டி.எஃப்.-ஐப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பணத்தை அனுப்பிவிடுகிறார்.

விருதுநகரில் இருந்து காரியாபட்டி போகிற வழியில் இருக்கும் பேரூராட்சி மல்லாங்கிணறு. அங்கே செக்கு எண்ணெய்க் கடையோ, மெஸ்ஸோ, தையல் கடையோ, டூவீலர் ஒர்க்‌ஷாப்போ நடத்துகிறவருக்கு இந்தக் கட்டுரை. “கூகுள்ல உங்க கடைய முதல் இடத்துக்குக் கொண்டு வந்துருவோம்” என்று அவருக்கும் போன் வந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாலே போனை வைத்துவிடலாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. “கூகுள்ல இருந்து பேசுறோம், லிஸ்டிங் கட்டணம் பாக்கி இருக்கு” என்று வருவது அதைவிட மோசம். கடையை கூகுளில் பதிவதற்குக் கட்டணமே கிடையாது.

அந்த இலவசப் பதிவை முதலில் நீங்களே செய்துவிடுங்கள். அதன் பெயர் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்றார்கள். மேப்பில் கடைப்பெயர், நேரம், போன் நம்பர், போட்டோ எல்லாம் வருவது இதன் வழியாகத்தான். கடை இருப்பது நிஜமா என்று கூகுள் சரிபார்க்கும். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. தெருவில் இருந்து ஆரம்பித்து, பெயர்ப்பலகையைக் காட்டி, ஷட்டரைத் திறந்து உள்ளே போய், கல்லாவையும் சரக்கையும் காட்டி ஒரே மூச்சில் எடுத்தால் போதும். கடைப் பையனே எடுத்துவிடுவான். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள் என்பதால் மேப்பில் ஊசி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உள்ள கடைகளைத் தேடும்போது கூகுள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: தேடியதற்குப் பொருத்தமான கடையா, தேடுகிறவருக்கு எவ்வளவு தூரம், கடைக்கு எவ்வளவு பெயர் இருக்கிறது. இரண்டாவதை எந்த விளம்பர ஏஜென்சியாலும் மாற்ற முடியாது. விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு “மெஸ்” என்று தேடுகிறவருக்கு மல்லாங்கிணறு மெஸ் முதலில் வராது, வரவும் கூடாது. அவர் பரோட்டாக் கடையைத் தேடிப் போய்விடுவார்.

இதற்குப் பிறகும் ஏஜென்சி தேவையா? உங்கள் வாடிக்கையாளர் வாசலுக்கு வருகிறவரா, பார்சலில் வாங்குகிறவரா என்பதைப் பொறுத்தது. தையல் கடைக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் சுற்றுவட்டாரம்தான் சந்தை. நல்ல போட்டோ, உண்மையான ரிவ்யூ, போன் வந்தால் எடுப்பது ஆகியவை போதும். மாதாமாதம் ஏஜென்சிக்குக் கொடுப்பது வீண் என்பதே என் எண்ணம். செக்கு எண்ணெயையோ, புவிசார் குறியீடு பெற்ற விருதுநகர் சம்பா வத்தலையோ, சாத்தூர் சேவையோ சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்ப நினைக்கிறவருக்கு நிலைமை வேறு. அவருக்கு வெப்சைட், ஆர்டர் எடுக்கும் வழி, வெளியூரில் விளம்பரம் எல்லாம் வேண்டும். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாது. முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்கிற ஏஜென்சிக்குத் தொழில் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் கேட்பது “எவ்வளவு ஆகும்?” என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, “எல்லாம் யார் பெயரில் இருக்கும்?” என்பது. தகராறு வரும்போது கடைக்காரர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கடையின் டிஜிட்டல் சொத்துகளைச் சொன்னால் நாலைந்துதான்: பிசினஸ் ப்ரொஃபைல், வெப்சைட் முகவரியான டொமைன், ஃபேஸ்புக்–இன்ஸ்டாகிராம் பக்கம், கூகுளிலும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவிலும் இருக்கும் விளம்பரக் கணக்குகள், வாட்ஸ்அப் நம்பர். ஏஜென்சி வேலையைச் சீக்கிரம் முடிக்க இவை எல்லாவற்றையும் தன் மெயில் ஐ.டி.யிலேயே திறந்துவிடும். கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை, சோம்பல் போதும். இரண்டு வருஷம் கழித்து ஏஜென்சியை மாற்ற நினைத்தால் அப்போதுதான் தெரியும், டொமைன் அவர்கள் பெயரில் இருக்கிறது, நூறு ரிவ்யூ சேர்ந்த ப்ரொஃபைலும் அவர்கள் கையில் இருக்கிறது என்று. கூகுளிடம் முறையிட்டு ப்ரொஃபைலைத் திரும்ப வாங்க வழி உண்டு. டொமைன் அடுத்தவர் பெயரில் பதிவாகியிருந்தால் அலைச்சல் அதிகம்.

இதைச் சரிபார்க்க ஏஜென்சியைக் கேட்க வேண்டியதே இல்லை. உங்கள் போனில், உங்கள் ஜிமெயிலில் இருந்தபடி கூகுளில் கடைப்பெயரைத் தேடுங்கள். கணக்கு உங்களுடையது என்றால் திருத்துவதற்கான பட்டன்கள் தெரியும். அங்கே மூன்று புள்ளியைத் தொட்டு, ப்ரொஃபைல் செட்டிங்ஸ் போய், ‘பீப்பிள் அண்ட் ஆக்சஸ்’ என்பதைத் திறந்தால் யார் யாருக்கு என்ன அதிகாரம் என்ற பட்டியல் வரும். ‘பிரைமரி ஓனர்’ என்று உங்கள் மெயில் இருக்க வேண்டும். ஏஜென்சி ‘மேனேஜர்’ ஆக இருந்தால் போதும். அதை வைத்தே போட்டோ போடலாம், நேரத்தை மாற்றலாம், ரிவ்யூவுக்குப் பதில் எழுதலாம். ஃபேஸ்புக்கிலும் இதே மாதிரி பக்கம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க, ஏஜென்சிக்கு ‘பார்ட்னர்’ என்று அனுமதி தரலாம். பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேலை முடிந்தால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்தது பணம். ஏஜென்சியின் சம்பளம் வேறு, கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகிற விளம்பரச் செலவு வேறு. இரண்டையும் சேர்த்து “மாசம் பத்தாயிரம்” என்று பேக்கேஜ் சொன்னால், அதில் விளம்பரத்துக்குப் போவது எட்டாயிரமா இரண்டாயிரமா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. விளம்பரக் கணக்கை உங்கள் பெயரில் திறந்து, உங்கள் கார்டில் இருந்தோ யு.பி.ஐ.யில் இருந்தோ நேராகக் கட்டுங்கள். ஏஜென்சிக்குச் சம்பளத்தை மட்டும் தனி பில்லில் கொடுங்கள். இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. உங்கள் கடை வழக்கமான முறையில் பதிவானது என்றால், கணக்கில் ஜி.எஸ்.டி. எண்ணைச் சேர்த்து அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் 18 சதவீதத்தையும் செலவாகவே எழுத வேண்டும். ஏஜென்சி விலை சொல்லும்போது “வரி சேர்த்தா, சேர்க்காமலா?” என்று கேட்க வேண்டியது அதனால்தான்.

பட்டாசுக் கடைக்காரர்கள் இதுவரை சொன்னதைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஃபிளிப்கார்ட், அமேசான் உள்பட எந்த இ-காமர்ஸ் தளமும் பட்டாசு ஆர்டர் எடுக்கவோ ஆன்லைனில் விற்கவோ கூடாது என்று அதில் தடை விதித்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கத்துப் பட்டாசு வெப்சைட்டுகளில் ஒரு வாசகம் நிரந்தரமாகக் குடியேறியது: நீதிமன்ற உத்தரவுப்படி ஆன்லைன் விற்பனை கிடையாது, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து விசாரணையாக அனுப்புங்கள், நாங்கள் போனில் கூப்பிடுவோம் என்று. விலைப்பட்டியல் இருக்கும், எவ்வளவு என்று கூட்டிக் காட்டும், 80 சதவீதத் தள்ளுபடியும் இருக்கும். பணம் கட்டும் பட்டன் மட்டும் இருக்காது. இப்படிப்பட்ட தளத்தைத் தயாராக வைத்து, பெயரை மட்டும் மாற்றி விற்கிறவர்கள் சிவகாசியைச் சுற்றி இருக்கிறார்கள். இது சட்டத்துக்கு எவ்வளவு ஒத்துவரும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். தளத்தை விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

விளம்பரத்தில் கதை இன்னும் நேரானது. வெடிக்கும் பட்டாசுகளை ஆபத்தான பொருள் வகையில் சேர்த்து, அவற்றுக்கு கூகுள் விளம்பரம் அனுமதிப்பதில்லை. “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், கிஃப்ட் பாக்ஸ்னு போட்டு ஓட்டிருவோம்” என்று ஏஜென்சிக்காரர் சொன்னால், விதியை ஏய்க்கப் போகிறார் என்று அர்த்தம். மாட்டினால் கணக்கு முடங்கும். அதோடு தொடர்புள்ள மற்ற கணக்குகளும் முடங்கலாம். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கிறது. அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இன்னொரு தொல்லை, போலித் தளங்கள். நிஜக் கடையின் போட்டோவையும் விலைப்பட்டியலையும் அப்படியே எடுத்துப் போட்டு, பாதி விலை சொல்லி, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் தீபாவளி நேரத்தில் முளைக்கிறார்கள். சைபர் கிரைம் போலீசாரும் எச்சரிக்கிறார்கள். ஏமாந்தவர்கள் 1930-க்குப் போன் செய்யலாம். இதனால் வெளியூர்ப் பார்ட்டி எந்தக் கடையை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறார். நேர்மையான கடைக்கு ஏஜென்சி செய்து தரவேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது. உரிமம் பெற்ற கடை என்பதும் ஜி.எஸ்.டி. எண்ணும் தளத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும், மேப்பில் கடை சரியாக இருக்க வேண்டும், பெயர்ப்பலகையோடு எடுத்த போட்டோ இருக்க வேண்டும், பழைய வாடிக்கையாளரின் உண்மையான ரிவ்யூ இருக்க வேண்டும். தள்ளுபடி பேனரில் காட்டுகிற அக்கறையில் பாதியை இதில் காட்டினால் போதும். ஆடிப் பதினெட்டில் தீபாவளி வியாபாரம் தொடங்குகிற ஊரில், புரட்டாசியில் ஏஜென்சி தேடுவதும் பிரயோஜனம் இல்லை. சித்திரை, வைகாசியில் பேசி முடித்துவிட வேண்டும்.

உள்ளூர் ஏஜென்சியா, மதுரையா, சென்னையா என்று கேட்கிறவர்களுக்கு: நேரில் வந்து போட்டோ எடுக்கிற தூரத்தில் இருப்பவர் நல்லது. எங்கிருந்தோ எடுத்த வெளிநாட்டு மாவு மில் படத்தை உங்கள் செக்குக் கடைக்குப் போட மாட்டார். தமிழில் ‘எண்ணெய்’யைப் பிழையில்லாமல் எழுதுவார் என்றும் நம்பலாம். ஆனால் பக்கத்து ஊர், தெரிந்த பையன் என்பது மட்டும் தகுதி ஆகாது. அவர் வேலை செய்து கொடுத்த இரண்டு மூன்று கடைகளின் பெயரைக் கேட்டு, உங்கள் போனிலேயே தேடிப் பாருங்கள். கடை நேரம் சரியாக இருக்கிறதா, ரிவ்யூவுக்குப் பதில் எழுதியிருக்கிறார்களா, கடைசிப் போட்டோ எப்போது போட்டது என்றெல்லாம் தெரிந்துவிடும். பிறகு அந்தக் கடைக்காரருக்கே போன் போட்டு விசாரியுங்கள். பொண்ணு பார்க்கப் போகும் முன் நாலு பேரிடம் விசாரிக்கிற ஊர்தானே!

ஏஜென்சிகள் செய்து தருவதாகச் சொல்கிற இரண்டு காரியங்களை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று, காசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது. கூகுள் விதிக்கு அது விரோதம். கண்டுபிடித்தால் ரிவ்யூவும் போகும், ப்ரொஃபைலும் முடங்கலாம். இன்னொன்று, எங்கோ வாங்கிய நம்பர் பட்டியலுக்கு மொத்தமாக மெசேஜ் தட்டுவது. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் கடை நம்பரே தடைபடும். வருஷக்கணக்காக வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருக்கிற நம்பர் அது. எஸ்.எம்.எஸ். என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி, அனுப்புகிறவர் பெயரையும் மெசேஜ் வாசகத்தையும் டி.எல்.டி. தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். பொருளைப் படத்தோடும் விலையோடும் கேட்டலாக்காக அதில் அடுக்கி, கேட்டு வருகிறவருக்கு அனுப்பினாலே பாதி வேலை முடியும்.

மாதக் கடைசி பி.டி.எஃப்.-இல் லைக்கையும் ரீச்சையும் தாண்டிப் பாருங்கள். பிசினஸ் ப்ரொஃபைலிலேயே எத்தனை பேர் போன் பட்டனைத் தொட்டார்கள், எத்தனை பேர் கடைக்கு வழி கேட்டார்கள் என்ற கணக்கு இருக்கிறது. கணக்கு உங்களுடையது என்றால் நீங்களே திறந்து பார்க்கலாம். விளம்பரம் எத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஓடுகிறது என்றும் கேளுங்கள். மல்லாங்கிணறு மெஸ்ஸின் விளம்பரத்துக்கு வடநாட்டில் இருந்து லைக் வந்து என்ன ஆகப்போகிறது? கடையிலும் ஒரு நோட்டுப் போட்டு, புதிதாக வருகிறவரிடம் “எப்படிக் கேள்விப்பட்டீங்க?” என்று கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு கணக்கும் மூன்று மாதத்தில் கொஞ்சமாவது ஒத்துப்போக வேண்டும்.

ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் போடாமல் முதலில் மூன்று மாதத்துக்குப் போடுங்கள். ஒரு பக்கத் தாள் போதும். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: மாதச் சம்பளம், அதற்கு என்னென்ன வேலை, விளம்பரச் செலவைக் கடைக்காரரே நேராகக் கட்டுவார் என்பது, விலகும்போது எடுத்த போட்டோ, வீடியோவின் மூலக் கோப்புகளையும் டொமைன், வெப்சைட் பாஸ்வேர்டுகளையும் எத்தனை நாளுக்குள் ஒப்படைப்பார்கள் என்பது. கடைசியாகச் சொன்னதில் கையெழுத்துப் போடத் தயங்குகிற ஏஜென்சிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.