ஓடையோடு ஒரு காடு – 9: வெட்ட வேண்டிய மரமும் விட்டுவைக்க வேண்டிய கட்டையும்

சென்ற வாரம் காட்டின் எல்லையைப் பற்றிய பேச்சோடு நின்றோம். இந்தத் தொடரில் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டிருக்கும் காடு தெற்கு இங்கிலாந்தில் நான்கு ஏக்கர். மேலே ஓக்கும் ஆஷும், கீழே ஹேஸல் புதர், குறுக்கே ஓர் ஓடை. மற்றவை வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் விலையும் பத்திரமும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் வாங்கிய பிறகு அந்தக் காட்டை என்ன செய்வது என்று தெரியாமல் பத்திரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. இங்கிலாந்தில் இப்படிச் சிறுகாடு வாங்குகிறவர்கள் பலரும் தலைகீழாகச் செய்கிற காரியங்கள் இரண்டு உண்டு, இரண்டுமே காட்டின் மேல் வைத்த அன்பால் நேர்பவை. மரத்தின் மேல் அரிவாள் வைக்க அவர்களுக்கு மனம் வராது. ஓடைக்குள் ஒரு கட்டை விழுந்து கிடந்தாலோ கை சும்மா இருக்காது, இழுத்துக் கரையில் போட்டுவிடுவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிரானது என்பதே என் வாதம். அந்த நாட்டின் அகன்ற இலைக் காட்டை வெட்டித்தான் காப்பாற்ற முடியும். ஓடையில் விழுந்ததைப் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே விட்டுத்தான் காப்பாற்ற முடியும்.

முதலில் வெட்டு. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை அடியோடு வெட்டினால் செத்துப்போகும். ஓக், ஆஷ், ஹேஸல், ஆல்டர், லைம் போன்ற அகன்ற இலை மரங்கள் சாவதில்லை. தரையை ஒட்டி வெட்டியதும் அந்தத் தூரிலிருந்து அடுத்த வசந்தத்தில் பத்துப் பதினைந்து முளைகள் நேராகக் கிளம்பும். வேர் பழையது, வேகம் புதியது. நம் ஊரில் கரும்பை வெட்டி மறுதாம்பு விடுவதுபோலத்தான். ஹேஸலை ஏழிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஆஷை அதைவிடக் கூடுதல் இடைவெளி விட்டும் வெட்டுவார்கள். இதற்குக் காப்பிஸ் முறை என்று பெயர். வெட்டு மரத்தின் ஆயுளைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. தொடாமல் விட்ட ஆஷ் மரம் இருநூறு ஆண்டு வாழ்ந்தாலே பெரிது. சஃபோக் மாவட்டத்தின் பிராட்ஃபீல்ட் காட்டில், வெட்டி வெட்டித் துளிர்த்த ஓர் ஆஷ் தூரின் குறுக்களவு ஐந்து மீட்டருக்கும் மேல். அதன் வயது ஆயிரம் ஆண்டுக்குக் குறையாது என்று காட்டு வரலாற்றாசிரியர் ஆலிவர் ராக்கம் மதிப்பிட்டார். குளோஸ்டர்ஷயரில் வெஸ்ட்டன்பர்ட்டில் உள்ள சிறிய இலை லைம் தூர் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு என்கிறார்கள்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்று தேடப்போன இடத்தில்தான் இந்த வாரத்தின் பாதி கரைந்தது. அதற்காக வருந்தவில்லை. 1970இல் சோமர்செட் சதுப்பு நிலத்தில், பீட் எனப்படும் கரிமண் வெட்டும் தொழிலாளியான ரே ஸ்வீட் ஒரு வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்தபோது ஒரு பலகை தட்டுப்பட்டது. ஜான் கோல்ஸ் என்ற தொல்லியலாளர் தலைமையில் தோண்டியபோது, சதுப்பின் குறுக்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மரத்தாலான நடைபாதை ஒன்று வெளிப்பட்டது. அதைக் கட்டிய விதத்தைப் பாருங்கள். நீண்ட கழிகளைச் சேற்றின் மேல் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடத்தியிருக்கிறார்கள். அவற்றின் இருபுறமும் முளைக்கம்புகளைப் பெருக்கல் குறி வடிவில் சாய்த்து அடித்திருக்கிறார்கள். கம்புகள் சந்திக்கும் கவட்டையில் பிளந்த ஓக் பலகைகளை, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு, வரிசையாக வைத்திருக்கிறார்கள். பீட் மண்ணில் காற்று புகாததால் மரம் மக்கவில்லை, ஆண்டு வளையங்கள் அப்படியே இருந்தன. அவற்றை எண்ணிப் பார்த்ததில் மரங்கள் வெட்டப்பட்ட பருவம்கூடத் தெரிந்துவிட்டது: கி.மு. 3807க்கும் 3806க்கும் இடைப்பட்ட குளிர்காலம். சுற்றுவட்டத்தில் எவருக்கும் எழுத்து இல்லாத காலத்தில், ஒரு பாதை போடப்பட்ட ஆண்டு நமக்குத் தெரிகிறது! பாதையை ஒட்டி, ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்த பச்சைக்கல் கோடரி ஒன்று, பயன்படுத்தாத நிலையில் கிடைத்தது. பத்து ஆண்டு போல அந்தப் பாதை புழக்கத்தில் இருந்து, பிறகு நாணலும் பீட்டும் மூடிவிட்டன. அதன் ஒரு பகுதி இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோடரியைவிட எனக்கு முக்கியமானவை அந்தக் கம்புகள். அவற்றில் பல, கணுவும் வளைவும் இல்லாமல் நேராக வளர்ந்த இளங்கழிகள். காட்டில் தன்போக்கில் வளரும் ஹேஸல் அப்படி இருக்காது. வெட்டிய தூரிலிருந்து கிளம்பியது மட்டுமே அப்படி இருக்கும். அன்றைய மக்கள் திட்டமிட்டு வெட்டி வளர்த்தார்களா, முன்பு ஏதோ தேவைக்கு வெட்டிய இடத்தில் தானாக முளைத்ததை எடுத்துக்கொண்டார்களா என்ற விவாதம் உண்டு. எதுவாக இருந்தாலும், ஐயாயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் காடு வெட்டுக்கும் துளிர்ப்புக்கும் பழகிவிட்டது. மனிதக் கை படாத ஆதிக்காடு என்று எண்ணி ஒருவர் இன்று வாங்கும் நான்கு ஏக்கர், பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் எச்சம்.

எச்சம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கால்வாயும் ரயிலும் மலிவான நிலக்கரியை ஊருக்குள் கொண்டுவந்ததும் விறகுக்கு மதிப்புப் போயிற்று. ஆட்டுக்கிடைக்குப் படல் கட்டக் கழி கேட்பவரும் குறைந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான காப்பிஸ் காடுகளில் வெட்டு நின்றுவிட்டது. கழிகள் தடித்து, உச்சிகள் கூடி, தரை இருண்டது. நிழலில் புளூபெல் தாக்குப்பிடிக்கும். வெயில்பட்ட வயலட் செடியில் முட்டையிடும் ஃபிரிட்டில்லரி வண்ணத்துப்பூச்சிகளால் முடியாது. கென்ட் மாவட்டத்தின் பிளீன் காடுகளில் வாழும் ஹீத் ஃபிரிட்டில்லரிக்கு, மரவெட்டியின் பின்னாலேயே வருவது என்று பட்டப்பெயர். வெட்டிய இடத்தில் முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் செழிக்கும் ஒரு செடிதான் அதன் புழுவுக்கு உணவு. 1970களின் கடைசியில் நாட்டிலிருந்தே அழிந்துவிடும் நிலைக்குப் போன அது, அங்கே மறுபடி காப்பிஸ் வெட்டத் தொடங்கியதால்தான் பிழைத்தது. பிராட்ஃபீல்ட் சொல்வது இன்னும் நேரடியான செய்தி. அங்கே 1252 முதல் காப்பிஸ் வெட்டிய பதிவுகள் உண்டு. 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் பழங்காடுகளில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு உழவுக்கோ ஊசியிலைத் தோப்புக்கோ போனபோது, இந்தக் காடு முழுதாகப் போகாமல் தப்பியதற்கு ஒரு காரணம், பக்கத்து ஊரின் ரேக் எனப்படும் புல்வாரி செய்யும் தொழிற்சாலை கைப்பிடிக் கழிகளை இங்கிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. வெட்டு காட்டை அழிக்கவில்லை, காட்டுக்கு உபயோகமில்லை என்ற எண்ணமே அழித்தது என்பது ராக்கத்தின் வாழ்நாள் வாதம். அதை மறுக்கும் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இயற்கையை அதன் போக்கில் விட்டால் என்ன என்று கேட்பவர்களிடமும் நல்ல சான்று இருக்கிறது. வை ஆற்றுப் பள்ளத்தாக்கின் லேடி பார்க் காட்டை 1944 முதல் வெட்டாமல் விட்டு, மரம் மரமாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். வறட்சி, நோய், முதுமை ஆகியவை ஒரு காட்டை எப்படி மாற்றும் என்று அந்தப் பதிவுகள் கற்றுத்தந்ததற்கு ஈடு கிடையாது. அப்படிப்பட்ட காடுகள் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வயல்கள் சூழ்ந்த நான்கு ஏக்கரில் இயற்கையின் போக்கு முழுமையாக நடப்பதற்கு இடமே இல்லை. புயல் சாய்க்கும் திறப்புகள் ஒரு மூலையில் ஏற்பட்டு, வண்ணத்துப்பூச்சி அடுத்த மூலைக்குப் போவதற்குள் மூடிக்கொள்ளும். ஓநாயும் லின்க்ஸும் அற்றுப்போன நாட்டில் மான்கள் பெருகிக் கிடக்கின்றன. இப்போது அங்கே திரியும் ஆறு வகை மான்களில் இரண்டுதான் மண்ணுக்குரியவை. 2012இல் அங்கே கண்டறியப்பட்ட ஆஷ் நோய் வேறு உச்சிகளை உலர்த்திக்கொண்டிருக்கிறது. வெட்ட வேண்டாம் என்பவர்கள் இதையெல்லாம் சேர்த்துத்தான் அப்படியே விடுகிறார்கள். அவர்கள் எச்சரிக்கையில் ஒன்றை மட்டும் முழு மனதோடு ஏற்க வேண்டும்: மானைத் தடுக்க வழி செய்யாமல் வெட்டினால், துளிரை மான் ஓயாமல் மேய்ந்து ஆயிரமாண்டுத் தூரையும் கொன்றுவிடும். வேலி போட முடியாதவர், வெட்டிய சிம்புகளைத் தூரின் மேல் குவித்தாவது மூட வேண்டும்.

சட்டம் சிறு உரிமையாளருக்குத் தடையாக இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. 1967ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி மரம் வெட்ட உரிமம் வேண்டும். ஆனால் காப்பிஸ் கழி மார்பளவு உயரத்தில் 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. பெரிய மரமானாலும் காலாண்டுக்கு 5 கன மீட்டர் வரை, அதில் 2 கன மீட்டருக்கு மேல் விற்காமல், வெட்டிக்கொள்ளலாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் இந்த விலக்கு மட்டும் போதாது என்பதால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு ஏக்கரை எட்டுக் கூறாகப் பிரித்தால் ஒரு குளிர்காலத்துக்கு அரை ஏக்கர். பறவைகள் கூடு கட்டுவதற்கு முன் அரிவாளும் கைரம்பமும் கொண்டு இருவர் செய்து முடிக்கக்கூடிய வேலை. இங்கிலாந்தின் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்கு எந்தப் பராமரிப்பும் இல்லாமல் கிடக்கிறது, ஏனென்றால் அந்த வேலைக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. கூலி எதிர்பார்க்காமல், விருப்பத்தால் வெட்டுகிற சிறு உரிமையாளர்தான் அந்த இடத்தை நிரப்ப முடியும். காட்டை அனுபவிப்பது என்பதை வார இறுதியில் நாற்காலி போட்டு உட்காருவதாக மட்டும் நினைப்பவருக்கு இந்த இன்பம் கடைசிவரை தெரியாது.

இனி ஓடை. நிழல் மூடிய சிற்றோடையில் உணவின் பெரும்பங்கு மேலிருந்து விழும் இலைதான். ஆல்டர் மரத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொடுப்பதால், அதன் இலை சத்தோடு, பச்சையாகவே உதிர்கிறது. நன்னீர்க் கூனிகள் அதை விரைவில் தின்று தீர்க்கும். ஓக் இலை மெதுவாக மக்கி, குளிர்காலம் முழுவதும் இருப்பாக நிற்கும். ஆனால் தடையில்லாத ஓடையில் இந்த இலைகள் தங்குவதில்லை, ஒரே மழையில் கடலை நோக்கிப் போய்விடும். அவற்றைப் பிடித்து நிறுத்துவது குறுக்கே விழுந்து கிடக்கும் கட்டைதான். கட்டைக்குக் கீழே மடு குழியும், டிரவுட் மீன் ஒதுங்கும், சரளை தனியே படிந்து முட்டையிட இடமாகும். வெள்ளத்திலும் அது தன் வேலையைச் செய்கிறது. வடக்கு யார்க்‌ஷயரில் பிக்கரிங் என்ற சிற்றூரை 1999, 2000, 2002, 2007 ஆண்டுகளில் வெள்ளம் அடித்தது. ஊருக்குள் தடுப்புச் சுவர் கட்டுவது செலவுக்குக் கட்டுப்படியாகாது என்றானதும், மேலே காட்டோடைகளில் மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு 167 கசியும் அணைகள் அமைத்தார்கள், மரம் நட்டார்கள், கீழே ஒரு மண்கரையும் எழுப்பினார்கள். 2015 டிசம்பர் பெருமழையில் வெள்ளத்தின் உச்சம் 15 முதல் 20 சதவீதம் வரை குறைந்ததாகவும், அதில் ஏறத்தாழ பாதி மேலே செய்த வேலைகளால் வந்தது என்றும் மதிப்பிட்டார்கள்.

இதற்கும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. கரை உரிமையாளர், நீரோட்டத்துக்குத் தடையில்லாமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லவா? உண்மைதான். ஓடை எல்லையாக அமைந்தால் அதன் நடுக்கோடு வரை படுகை அவருடையது, பொறுப்பும் அவருடையது. பாலத்துக்கோ குழாய்க்கோ முன்னால், பக்கத்து நிலத்தை மூழ்கடிக்கும்படி சிக்கிய கட்டையை எடுக்கத்தான் வேண்டும். தானாக விழுந்ததை விடுவது வேறு, தானே அணை போடுவது வேறு. பின்னதற்கு 1991ஆம் ஆண்டின் நில வடிகால் சட்டப்படி உள்ளூர் வெள்ள நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். இந்த விதிவிலக்குகள் ஓடையின் சில மீட்டர்களுக்குத்தான் பொருந்தும். மீதி நீளம் முழுவதையும் கால்வாய்போலச் சுத்தம் செய்ய எந்தச் சட்டமும் கேட்கவில்லை. வெட்டும் விடுதலும் சந்திக்கும் இடமும் இந்தக் கரைதான்: கரையோர ஆல்டரை இடைவிட்டு இடைவிட்டு வெட்டினால் வேர் மண்ணைப் பிடித்திருக்கும், தண்ணீரில் பாதி வெயிலும் பாதி நிழலும் விழும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, காட்டைத் தனியார் வாங்குவதே சரியா என்பது. 2010இல் இங்கிலாந்தின் அரசுக் காடுகளைக் கைமாற்ற அரசு திட்டமிட்டபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். 2011 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அங்கே தனியார் காட்டில் பொதுப்பாதையை விட்டு விலகி நடக்கப் பொதுவான உரிமை கிடையாது. விற்றால் மக்கள் உண்மையிலேயே இழந்திருப்பார்கள். ஒரு பெருங்காட்டைத் துண்டு துண்டாக விற்று, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதவும் ஒரு கொட்டகையும் முளைப்பதும் கேடுதான். சில உள்ளாட்சிகள் வழக்கமான கட்டுமான அனுமதியை அத்தகைய காடுகளில் நீக்கியிருப்பது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஏற்கெனவே தனியாரிடம், யாரும் எட்டிப் பார்க்காமல் கிடக்கிற நான்கு ஏக்கர் கைமாறும்போது, பொதுமக்களிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை. அங்கே இருக்கும் தேர்வு, இருண்டுபோன ஒரு காட்டுக்கும் ஆண்டுக்கு அரை ஏக்கராக வெளிச்சம் வாங்கும் ஒரு காட்டுக்கும் இடையில்தான். பொதுப்பாதை குறுக்கே போகிற காடு என்றால் மலிவாகக் கிடைக்கலாம். பயப்படாமல் வாங்கலாம் என்பது என் கருத்து. நடந்துபோகிறவர்கள் கண்ணில் படும்படி ஒரு காடு பராமரிக்கப்படுவதில் நன்மையே உண்டு.

விலையும் பத்திரமும் அடுத்த வாரம். கனிம உரிமையும் வேட்டை உரிமையும் முன்னாள் உரிமையாளரிடமே தங்கிவிடும் காடுகளைப் பற்றி அதில் முதலில் பார்ப்போம்.