கம்ப்யூட்டருக்கு ‘ரேம்’ வாங்குமுன்...



பில் போடும் கம்ப்யூட்டர் மந்தமானால், “மெமரி ஏற்றினால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். துவரம்பருப்பை ஒரு கை அள்ளிப் பார்க்காமல் மூட்டை எடுக்காத நாம், இதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் என்பது கிடங்கு. ரேம் என்பது கடையின் முன்மேஜை. மேஜை சிறியதானால் ஒவ்வொரு சரக்குக்கும் பையன் கிடங்குக்கு ஓட வேண்டும். மந்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் மண்டியில் இருந்தது 4 ஜி.பி. ரேம். ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்கு 11-ஆம் தேதி கடைசி. 10-ஆம் தேதி மாலை கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது. வாசலில் லாரி, கையில் பில் இல்லை. மறுநாள் ஒரு கடையில், 3600 வேகமுள்ள, விளக்கெரியும் 16 ஜி.பி. ஜோடியைச் சிபாரிசு செய்தார்கள். வாங்குமுன் பேரனை உட்கார வைத்து மூன்று விஷயங்களைப் பார்த்தேன்.

1. தேவை: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் அதில் மெமரி அளவைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு 92 சதவீதம் நிரம்பியிருந்தது. ஆகவே இடம் போதவில்லை என்பது உண்மை. பாதிதான் நிரம்பியிருந்தால் ரேம் வாங்குவது வீண்.

2. பொருத்தம்: டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. எங்களுடையது டி.டி.ஆர்.4, எச்310 வகை போர்டு. அது தாங்கும் வேகம் 2666 வரைதான். 3600 வாங்கினாலும் அதற்கு மேல் ஓடாது. தாங்கக்கூடிய போர்டிலும் பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்கினால்தான் பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும்.

3. எண்ணின் எடை: வேகத்துடன் சி.எல். என்ற தாமத எண்ணையும் பார்க்க வேண்டும். சி.எல்.-ஐ 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ செகண்டில் வரும். 3200, சி.எல்.16-க்கு விடை 10. 3600, சி.எல்.18-க்கும் விடை 10-தான்! 3600-இல் ஒரே நேரத்தில் அதிகச் சரக்கு போகும் என்பது மெய். ஆனால் பில் போடுவதில் அந்த வித்தியாசம் தெரியாது.

முடிவில், இருந்ததைப் போலவே இன்னொரு 4 ஜி.பி. வாங்கி இரண்டாம் இடத்தில் போட்டோம். ஒரே அளவில் இரண்டு இருந்தால் இரு வழியாக வேலை நடக்கும். திணறல் நின்றது. ஆனாலும் காலையில் திறக்கும் தாமதம் போகவில்லை. குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க். மிச்சப்பட்ட பணத்தில் எஸ்.எஸ்.டி. போட்டதும் அதுவும் தீர்ந்தது. விலையுயர்ந்த ஜோடியை வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும், தாமதமும் இருந்திருக்கும்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கம்ப்யூட்டரில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பெட்டியைத் திறக்குமுன் கணக்குகளைப் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் திரும்பப் பெறுவதாக ரசீதில் எழுதி வாங்குங்கள். தேவை, பொருத்தம், விலை என்ற நம் தொழில் பாடம் இதற்கும் பொருந்தும்.