பால்மரத்திலும் மரவள்ளியிலும் ஒரே நஞ்சு

மலாக்கா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் காய் வெடிக்கும் சத்தம் தெரியும். வெயில் ஏறியதும் 'பட்'டென்று பிளந்து, புள்ளி போட்ட கொட்டைகளைத் தூர எறியும். பிள்ளைகள் பொறுக்கி விளையாடலாம். வாயில் வைத்தால் அடி விழும். லயத்துக்குப் பின்னால் விளைந்த மரவள்ளியைப் பச்சையாகக் கடித்தாலும் அதே அதட்டல்தான். இரண்டு அதட்டலுக்கும் காரணம் ஒரே பொருள். அதன் பெயர் லினமரின்.

ரப்பரும் மரவள்ளியும் ஆமணக்குக் குடும்பத்துச் செடிகள். இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மலாக்காவில் பக்கத்துப் பக்கத்தில் வேரூன்றியவை. 19ஆம் நூற்றாண்டில் சீன முதலாளிகள் இங்கே பெரும் பரப்பில் மரவள்ளி போட்டார்கள். 1896இல் தோட்ட முதலாளி டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு அசாஹானில் ரப்பர் பயிரிட்ட அவருடைய நிறுவனத்துக்குப் பெயரே 'மலாக்கா ரப்பர் அண்டு டாப்பியோக்கா கம்பெனி'. அந்த மண்ணில்தான் நம் முன்னோர் பால் வெட்டினார்கள்.

லினமரின் என்பது சர்க்கரையோடு கட்டிவைத்த சயனைடு. கட்டு அவிழாதவரை அது செடியை ஒன்றும் செய்யாது. செல்லின் உள்ளறையில் லினமரின் இருக்க, அதை உடைக்கும் நொதி செல்சுவரில் காத்திருக்கும். எலியோ புழுவோ கடித்து நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். நம் உடலுக்குள் புகுந்தால் அது மூச்சுக்குழாயை அடைப்பதில்லை. செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியின் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. இரத்தம் நிறைய ஆக்சிஜன் இருந்தும் செல் பட்டினி கிடக்கும். மூளையும் இதயமும்தான் முதலில் தவிக்கும்.

மரத்துக்கு இது ஆயுதம் மட்டுமல்ல. முளைவிடும் ரப்பர் கொட்டை, தன் லினமரினை நாற்றுக்கு நைட்ரஜன் உணவாக அனுப்பிவிடுகிறது. தென் அமெரிக்க இலைக்கருகல் பூஞ்சை தாக்கும்போதோ கதை தலைகீழ்: வெளிப்படும் சயனைடு பூஞ்சையை விட்டுவிட்டு இலையின் சொந்தத் தற்காப்பையே முடக்குகிறது. எதிரி மாறினால் ஆயுதம் சொந்தக்காரரையே வெட்டும் என்பதை நான் இதைவிடத் தெளிவாக எங்கும் கண்டதில்லை.

ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் மரவள்ளியைத் தின்று உயிர் பிடித்தார்கள். மெலிந்த உடலுக்கு இது இரட்டை ஆபத்து. நம் உடல் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றி சிறுநீரில் கழிக்கும். அதற்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் வருவது மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவிலிருந்து. மரவள்ளியிலோ புரதம் மிகக் குறைவு. இந்த ஆபத்துக்கு ஆப்பிரிக்காவில் சாட்சி உண்டு: மொசாம்பிக்கின் நம்புலா மாநிலத்தில் 1981இல் வறட்சியின்போது, சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை மட்டுமே தின்ற 1,100க்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் நிரந்தரமாக முடங்கின. 'கொன்சோ' என்று அதற்குப் பெயர். பசித்தவரைத்தான் இந்த நஞ்சு தேடிப்பிடிக்கிறது.

நம் பாட்டிமார் செய்தது வேதியியல்தான். தோலில் நஞ்சு அதிகம் என்பதால் தடிப்பாகச் சீவினார்கள். சிறு துண்டாக்கி ஊறவைத்தபோது நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைத்தது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடாமல் வேகவைத்தால் ஆவியாகிப் போகும். மீந்த லினமரின் தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டினார்கள். பகாங்கில் ரப்பர் கொட்டையையும் வேகவைத்துப் பக்குவப்படுத்தி 'அசாம் ரோங்' என்னும் சமையல் பொருளைச் செய்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் இனிப்பு மரவள்ளியில் நஞ்சு குறைவு. ஆனால் கசக்கும் கிழங்கைத் துப்பிவிடுங்கள். தின்ற சில மணி நேரத்துக்குள் தலைசுற்றல், வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாதீர்கள். சயனைடுக்கு முறிவு மருந்து உண்டு, அது மருத்துவமனையில்தான் இருக்கிறது.